அப்பாவின் உணவுக்குழாயில் பரெட் மாற்றம்: சுட்டு அகற்றும் சிகிச்சைக்கு உடனே போவதா, வேளாண்மை வெட்டு முடியும்வரை பொறுப்பதா?

வட்டைக்காரர் மகள், களுவாஞ்சிக்குடி (கேள்வி)

வணக்கம். மருத்துவம் அறிந்தவர்களும் இதே வழியைக் கடந்து வந்தவர்களும் இங்கே இருப்பதைக் கண்டு எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 63 வயது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், படுவான்கரையில் எங்களுக்கு உள்ள நான்கு ஏக்கர் வயலும் அங்கிருக்கும் வாடியுமே அவருடைய உலகம். இருபது ஆண்டுகளாக அவருக்கு நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் இருந்தன. பாமசியில் கேட்டு வாங்கிய மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார். கடந்த இரண்டு ஆண்டுகளாக எரிவு தானாகவே குறைந்துவிட்டது என்று அவர் மகிழ்ந்திருந்தபோது, உடம்பில் இரத்தம் குறைந்திருப்பதற்குக் காரணம் தேடி எண்டோஸ்கோப்பி செய்தார்கள்.

அறிக்கையில் உள்ளதை அப்படியே தருகிறேன். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் பரெட் மாற்றம், அளவு சி2 எம்4. கட்டியோ புடைப்போ தென்படவில்லை. இரண்டு இடங்களில் துண்டு எடுக்கப்பட்டது. ஆய்வுகூட முடிவு: கடும் அழற்சியுடன் லோ கிரேட் டிஸ்பிளேசியா. அறிக்கையைக் கையில் தந்தவர், புற்றுநோய்க்கு முந்திய நிலை என்றும், கொழும்பில் குடல்நோய் நிபுணர் ஒருவரைக் கண்டு ரேடியோ அலைச் சூட்டினால் அகற்றிக்கொள்ளலாம் என்றும் இரண்டு வசனங்களில் சொல்லி முடித்து, அடுத்த நோயாளரை அழைத்துவிட்டார். விளக்கம் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

இப்போது வீட்டில் மூன்று கட்சிகள். கத்தியும் தீயும் படாதவரைக்கும்தான் அது அடங்கிக் கிடக்கும், தொட்டால் உடம்பெல்லாம் பரவும் என்று மாமி சொல்கிறார். கட்டாரில் உள்ள அண்ணா, காணியை ஈடு வைத்தாவது இந்த வாரமே செய்துவிட வேண்டும் என்று ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் நிற்கிறார். அப்பாவோ, பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளி நிற்கிறது, வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று வாடிக்குப் போய்விடுகிறார். விழுங்குவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. சுருட்டை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன, வெற்றிலையை விடவில்லை. சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார்.

இது புற்றுநோயா, இல்லையா? சுட்டால் பரவுமா? இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் காலம் கடந்துவிடுமா? அந்தச் சிகிச்சையில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


அக்கரைப்பற்றுக் காக்கா (பதில்)

தங்கச்சி, உங்கள் எழுத்தை வாசித்தபோது என் பழைய நிலை கண்முன் வந்தது. பிரித்தானியாவில் வேலை செய்த காலத்தில் எனக்கும் இதே மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டு, இச்சிகிச்சை மூன்று தடவை நடந்தது. உங்கள் அப்பாவைப் போல நானும் எரிவு குறைந்ததை நல்ல சகுனமாகவே எடுத்திருந்தேன். பின்னர்தான் வைத்தியர் சொன்னார்: அமிலம் பட்டுப் பட்டு, உணவுக்குழாயின் இயல்பான உட்தோல் போய், குடலின் உட்தோலைப் போன்ற ஒன்று அவ்விடத்தில் வளர்ந்துவிடுகிறது, அது அமிலத்தை முன்னதைப் போல உணர்வதில்லை, ஆகவே வருத்தம் கூடியவருக்கு வலி குறைவதும் உண்டு என்று.

என்னுடையது உயர்தர டிஸ்பிளேசியா. ஒரு சிறு புடைப்பும் இருந்தது. அதனால் முதலில் அந்தப் புடைப்பை எண்டோஸ்கோப்பி வழியாகவே உறிஞ்சித் தூக்கி, கம்பித் தடம் போட்டு வெட்டி எடுத்தார்கள். புடைப்பைச் சுட்டுவிடக் கூடாதாம். சுட்டால் அதன் ஆழத்தில் என்ன இருந்தது என்று பார்க்கத் துண்டு மிஞ்சாது. அந்தத் துண்டின் முடிவு வந்து, ஆழத்துக்கு இறங்கவில்லை என்று உறுதியான பிறகே மீதி இடத்தைச் சுடத் தொடங்கினார்கள்.

சுடுவது என்றால் நாம் நினைக்கும் நெருப்பு அல்ல. ஊசி மூலம் மயக்கம் தந்து, குழாயை உள்ளே அனுப்பி, மெல்லிய செப்புக் கோடுகள் சுற்றிய பலூன் ஒன்றை மாறிய இடத்தில் ஊதி விரிக்கிறார்கள். ஒரு வினாடிகூட நீடிக்காத மின்சக்தி அதன் வழியாகப் பாய்கிறது. வெந்த தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேவையான இடத்தில் மறுபடியும் பாய்ச்சுகிறார்கள். அடுத்தடுத்த தடவைகளில் மிஞ்சிய திட்டுகளுக்கு மட்டும், குழாயின் நுனியில் பொருத்திய சிறு தகடு போதுமாக இருந்தது. நான் பிற்பகலிலேயே வீட்டுக்கு வந்தேன். அன்றிரவும் அடுத்த மூன்று நான்கு நாட்களும், கொதிக்கக் கொதிக்கத் தேநீரை விழுங்கிவிட்டாற்போல நெஞ்சின் நடுவே வலித்தது, பிறகு தணிந்தது. இரண்டாம் தடவைக்குப் பின் ஆறாம் கிழமையளவில் சோறு இறங்காமல் தடங்கியது. குழாய் சுருங்கியிருந்தது. பலூனால் இரண்டு முறை விரித்துவிட்டார்கள். அதற்குப் பின் அந்தத் தொல்லை இல்லை.

என் கருத்து இதுதான்: தள்ளிப் போடாதீர்கள். வேளாண்மை அடுத்த போகமும் விளையும்.


நுண்ணோக்கி (பதில்)

காக்கா சொன்ன அனுபவம் மிகப் பயனுள்ளது. ஆனால் அவருக்கு இருந்தது உயர்தரம், உங்கள் அப்பாவின் அறிக்கையில் இருப்பது லோ கிரேட், அதாவது தாழ்தரம். இவ்விரண்டுக்கும் ஒரே அவசரத்தைப் பொருத்த முடியாது. நான் மட்டக்களப்பில் படித்து, இன்று வெளிநாட்டில் இழையவியல் ஆய்வுகூடம் ஒன்றில் பணிபுரிபவன். இத்தகைய துண்டுகளை நாள்தோறும் கண்ணாடித் தகட்டில் பார்ப்பதே என் தொழில். சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சொற்கள். நாம் பள்ளிப் பாடத்தில் ‘களம்’ என்று படித்த உணவுக்குழாயின் உட்பக்கம் செதிள் போன்ற தட்டைக் கலங்களால் ஆனது. வயிற்று அமிலமும் பித்தமும் நெடுங்காலம் மேலே ஏறினால், சிலரில் அக்கலங்கள் மறைந்து, சளி சுரக்கும் தூண் வடிவக் கலங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. இலண்டனில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் நோர்மன் பரெட் 1950இல் இதைப் பற்றி எழுதியதால் அவருடைய பெயர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், மேலிழுக்கப்பட்ட வயிறுதான் அது என்று அன்று அவர் வாதிட்டார். பிறர் மறுத்து எழுதிய பின், 1957இல்தான் உணவுக்குழாயே என்று ஒப்புக்கொண்டார். சி2 எம்4 என்பது அளவைக் குறிக்கும் முறை: வட்டம் முழுவதும் சூழ்ந்த மாற்றம் 2 சென்ரிமீற்றர், நாக்குப் போல மேலே நீண்ட உச்சி 4 சென்ரிமீற்றர்.

டிஸ்பிளேசியா என்பது, அந்தத் தூண் கலங்களின் கருக்கள் ஒழுங்கு குலைந்து பெருக்கத் தொடங்கிய நிலை. தாழ்தரமும் உயர்தரமும் புற்றுநோய் அல்ல. கலங்கள் தம் அடித்தளச் சவ்வைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. மாமியின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பரவுவதற்கு நிணநீர்க் குழாய்களையும் இரத்தக் குழாய்களையும் எட்ட வேண்டும். இன்னும் மேற்பரப்பிலேயே நிற்கும் கலங்களை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆழத்தில் வேகவைத்து அழிப்பதால் அவை எங்கும் ஓடிப் போவதில்லை. அழிந்த இடத்தில், அமிலத்தை மருந்தால் அடக்கி வைத்திருந்தால், பழைய செதிள் தோலே மீண்டும் வளர்கிறது. உண்மையில், அடக்கி வைப்பதுதான் சிகிச்சையின் பாதி. அதைச் செய்யாமல் சுடுவது, கூரை ஒழுகும்போதே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம்.

இச்சிகிச்சை பலன் தருகிறதா என்று கேட்டால், தருகிறது. அமெரிக்காவில் 127 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், சிலருக்கு உண்மையான சூட்டுச் சிகிச்சையும் சிலருக்கு எண்டோஸ்கோப்பி மட்டும் நடக்கும் போலிச் சிகிச்சையும் தரப்பட்டன. ஓராண்டின் முடிவில், உயர்தர டிஸ்பிளேசியா சிகிச்சை பெற்றவர்களில் 81 வீதமானோரிடம் மறைந்திருந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 19 வீதம் மட்டுமே. தாழ்தரத்தில் 90.5க்கு 22.7. அதற்கு முன்னர் உயர்தரம் என்றால் உணவுக்குழாயையே வெட்டி அகற்றி, வயிற்றை மேலே இழுத்துப் பொருத்தும் பெரிய சத்திரசிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

தாழ்தரத்துக்கென்றே ஐரோப்பாவில் 136 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2014இல் வந்தது. மூன்று ஆண்டுகளில், கண்காணிப்பு மட்டும் பெற்றவர்களில் 26.5 வீதமானோர் உயர்தரத்துக்கோ புற்றுநோய்க்கோ முன்னேறினர்; சுட்டு அகற்றியவர்களில் 1.5 வீதம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் உங்கள் அண்ணா போன்றவர்கள் பதறுகிறார்கள். ஆனால் அவ்வாய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களின் துண்டுகளை இத்துறையில் தேர்ந்த வேறொரு நிபுணர் மீண்டும் பார்த்து, தாழ்தரம்தான் என்று உறுதிப்படுத்தியிருந்தார். அந்த உறுதிப்படுத்தல் இல்லாத அறிக்கைக்கு அந்த எண் பொருந்தாது.

அது எவ்வளவு பெரிய வேறுபாடு? நெதர்லாந்தில், சாதாரண வைத்தியசாலைகளில் தாழ்தர டிஸ்பிளேசியா என்று சொல்லப்பட்ட 147 பேரின் தகடுகளைத் தேர்ந்த நிபுணர்கள் மீண்டும் வாசித்து 2010இல் வெளியிட்டார்கள். அவர்களில் 85 வீதமானோருக்கு டிஸ்பிளேசியாவே இல்லை, அல்லது உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடிவு கீழிறக்கப்பட்டது. முதலில் வாசித்தவர்கள் கவனமற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அமிலத்தால் அழற்சியடைந்த கலங்களும் தம்மைச் சரிசெய்துகொள்ளும் வேகத்தில் கருக்கள் பெருத்து, கறுத்து, தாழ்தர டிஸ்பிளேசியாவைப் போலவே தோன்றும். என் மேசையிலும் நான் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். உங்கள் அப்பாவின் அறிக்கையில் ‘கடும் அழற்சியுடன்’ என்ற சொல் இருப்பதைப் பார்த்தவுடனேயே எனக்கு ஐயம் எழுந்தது.

இன்னொரு குறை, எடுத்த துண்டுகளின் எண்ணிக்கை. நான்கு சென்ரிமீற்றர் நீளமான மாற்றத்தில் இரண்டு துண்டுகள் எதற்கும் போதாது. இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை நான்கு திசைகளிலும் எடுப்பது வழக்கமான நெறி; டிஸ்பிளேசியா இருக்கலாம் என்ற நிலையில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை எடுப்பார்கள். அதாவது குறைந்தது எட்டு, நல்ல முறையில் பார்த்தால் பதினாறு. இது எதிர்த் திசையிலும் வெட்டும் என்பதை மறைக்க மாட்டேன்: இரண்டு துண்டுகளில் இல்லாத உயர்தரம், எடுக்காமல் விட்ட இடத்தில் இருக்கவும் கூடும்.

எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இவ்வளவே. துண்டுகள் பதித்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வுகூடத்தில் எழுதிக் கேட்டுப் பெற்று, உணவுக்குழாய், குடல் துண்டுகளை வாசித்துப் பழகிய இன்னொரு நிபுணரிடம் காட்டச் செய்வேன். அதே வேளையில், வைத்தியரின் எழுத்துடன் அமிலத்தை அடக்கும் மாத்திரையை நாளுக்கு இரு வேளை தொடங்கி, மூன்று மாதமளவில், அழற்சி தணிந்த பிறகு, முறையான எண்ணிக்கையில் துண்டுகள் எடுத்து இரண்டாவது எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்வேன். தாழ்தரம் என்று சந்தேகிக்கப்படும்போது மூன்று முதல் ஆறு மாத இடைவெளியில் மீண்டும் பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையே. கதிர் தள்ளி நிற்கும் வேளாண்மையின் வெட்டும் அதற்குள் முடிந்துவிடும். அப்பா வயலில் நிற்கலாம். மாத்திரை அவருடன் வாடிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.


தோணாக்கரை, கல்முனை (பதில்)

ஒரு சந்தேகம். எங்கள் பகுதியில் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் வந்து நான் அறிந்தவர்கள் எல்லோரும் வெற்றிலையும் புகையிலையும் போட்டவர்கள். நெஞ்செரிவால் வந்ததாக ஒருவரையும் அறியேன். வெற்றிலையை விட்டால் போதாதா?


நுண்ணோக்கி (பதில்)

கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் கண்டது பெரும்பாலும் செதிள்கலப் புற்றுநோய். நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் பெரும்பங்கு அதுதான். புகையிலை, மது, வெற்றிலை பாக்கு ஆகியவற்றோடு தொடர்புடையது. புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் புற்று உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. பரெட் மாற்றத்தின் வழியாக வருவது வேறொன்று, சுரப்பிக்கலப் புற்றுநோய். அது குழாயின் கீழ்ப்பகுதியில், வயிற்றோடு சேரும் இடத்துக்கு அண்மையில் வருகிறது. நெடுநாள் அமில ஏற்றம், தொப்பை, புகைபிடித்தல், ஆணாக இருத்தல், ஐம்பதைத் தாண்டிய வயது ஆகியவை அதற்கு ஏதுவானவை.

செதிள் பக்கத்தின் முன்மாற்றத்தைக் காண அயடீன் கரைசலைத் தெளிப்பார்கள்; நலமான தோல் பழுப்பாகும், கெட்ட இடம் வெளிறி நிற்கும். அங்கே சுடுவதைவிட, அந்த இடத்தை உரித்து எடுத்து ஆய்வுக்கு அனுப்புவதையே முதலில் நாடுவார்கள். சகோதரியின் அப்பா வெற்றிலையையும் விட வேண்டும். ஆனால் அதை விடுவதால் பரெட் மாற்றம் மறையாது. அடுத்த எண்டோஸ்கோப்பியில் குழாயின் மேற்பகுதியையும் நிதானமாகப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.


கல்முனை அம்மா, ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் (பதில்)

மகள், வைத்தியம் பற்றி டொக்டர் சொல்லியிருப்பதற்கு மேலே எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. முப்பது ஆண்டு விடுதியில் நின்றவள் என்ற முறையில் சிலவற்றை எழுதுகிறேன்.

மாமி சொன்னதைக் கேட்டு அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். தண்ணீர்கூட இறங்காத நிலையில்தான் ஆட்களைக் கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் எல்லா இடமும் பரவியிருக்கும். மூடித் தைத்து அனுப்பினால் இரண்டு மாதத்தில் இறந்துபோவார். ‘கத்தி பட்டதால் போனார்’ என்று செத்த வீட்டிலேயே பேசிக்கொள்வார்கள். மாமி அப்படிப் பல செத்த வீடுகளைப் பார்த்திருப்பார். அப்பாவுக்கு இருப்பது அந்த நிலைக்குப் பல படிகள் முந்தியது என்று பக்கத்தில் இருந்து மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

மாத்திரை விடயத்தில் எங்கள் ஆட்கள் விடும் பிழை ஒன்று உண்டு. ஒமிப்ரசோல் வகை மாத்திரையைச் சாப்பிட்டு முடித்து, எரிகிறது என்று தோன்றினால் போடுவார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. வெறும் வயிற்றில் போட்டு, அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் கழித்துச் சாப்பிட வேண்டும். எரிவு இல்லாத நாளிலும் போட வேண்டும். இரு வேளை என்றால் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும். இரவில் வாடியில் பிந்திச் சாப்பிட்டுவிட்டு உடனே பாயில் சரியும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால், அதுவும் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணித்தியாலம் விடச் சொல்லுங்கள். படுக்கையின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்துவதும் உதவும். இரண்டு தலையணை வைப்பதால் கழுத்துத்தான் மடியும்.

பின்னர் சுடுவது என்று முடிவானால், முதல் நாளே வைத்தியரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சீனி மாத்திரை எடுப்பது, அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்று இரத்தத்தை இளக்கும் மருந்து எதையும் எடுப்பது, ஈரலில் வருத்தம் இருப்பது, நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பது ஆகிய எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். வெறும் வயிற்றில் போகும் நாளில் சீனி மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டே செய்யுங்கள்; வழக்கம்போலப் போட்டுவிட்டுப் பட்டினியாகப் போய் மயங்கி விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

சிகிச்சை முடிந்த முதல் நாள் ஆறிய நீராகாரம் மட்டும். அதன் பிறகு ஒரு கிழமையளவு, குழையக் காய்ச்சிய கஞ்சி, மிளகாய் போடாத சொதியில் ஊறிய இடியப்பம், எருமைத் தயிர் போன்ற மென்மையானவை. பொரித்த மீன், முறுக்கு, முள்ளுள்ள மீன் எதுவும் வேண்டாம். தேநீரை ஆறவைத்தே குடிக்கட்டும். வலிக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாம்; டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் போன்றவை வேண்டாம். காய்ச்சல், இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், எச்சிலும் விழுங்க முடியாமை, தாங்க முடியாத நெஞ்சுவலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டு இருக்காமல், கிட்ட உள்ள பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போய், என்ன சிகிச்சை நடந்தது என்ற கடிதத்தைக் காட்டுங்கள். ஆகவே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். சிகிச்சை நடந்த அன்றே இரவு பஸ்ஸில் ஏறி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் குலுங்கிக்கொண்டு வருவதை நான் விரும்ப மாட்டேன். ஓர் இரவாவது அங்கே உறவினர் வீட்டில் தங்குங்கள்.


வட்டைக்காரர் மகள் (பதில்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று இந்தப் பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்முனை அம்மா எழுதியதை மாமிக்கும் வாசித்தேன். அவர் தம் தமையனின் சாவைப் பற்றி முதன்முறையாக விரிவாகப் பேசினார்.

இன்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தாழ்தரம் என்று உறுதியாகிவிட்டால், சுடாமல் கண்காணித்துக்கொண்டே போவது முட்டாள்தனமா? சுட்டுவிட்டால் அதன் பிறகு குழாய் விட்டுப் பார்ப்பது ஒரேயடியாக நின்றுவிடுமா? அண்ணா அப்படி நினைத்துத்தான் செலவைக் கணக்கிடுகிறார்.


நுண்ணோக்கி (பதில்)

அண்ணாவின் கணக்கில் பிழை இருக்கிறது. சுட்டு அகற்றுவது ஒரு நாளில் முடிவதில்லை. இரண்டு மூன்று மாத இடைவெளியில், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு அமர்வுகள் தேவைப்படும். முழுதும் மறைந்த பிறகும் பரெட் தோல் திரும்ப வரலாம். பெரும்பாலும் வயிற்றோடு சேரும் விளிம்பிலேயே வரும். சில வேளைகளில் புதிய தோலுக்குக் கீழே பழைய சுரப்பிகள் புதைந்தும் கிடக்கும். ஆகவே தாழ்தரத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களை ஓராண்டிலும் மூன்றாம் ஆண்டிலும், அதற்குப் பின்னரும் இடைவெளி விட்டுப் பார்க்கிறார்கள். உயர்தரம் என்றால் முதல் ஆண்டிலேயே மூன்று தடவை. மாத்திரையும் தொடரும். காணியை ஈடு வைப்பதானால் முதல் அமர்வுக்கு மட்டும் பணம் திரட்டிவிட்டுப் பாதியில் நிற்பதே மிக மோசமான முடிவு. அரச வைத்தியசாலையின் குடல்நோய்ப் பிரிவுக்குக் கடிதம் பெற்றுப் போய், அங்கே என்ன கிடைக்கும் என்று அறிந்த பிறகே ஈட்டைப் பற்றி யோசியுங்கள்.

கண்காணிப்பைத் தேர்வது முட்டாள்தனம் அல்ல. உறுதியான தாழ்தரத்தில் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பின்னர் ஆண்டுதோறும் முறையாகத் துண்டு எடுத்துப் பார்ப்பவர்களும் உள்ளனர். அப்பாவின் வயது, மற்ற வருத்தங்கள், மாற்றத்தின் நீளம், தவறாமல் வந்து போகும் வசதி ஆகியவற்றை வைத்து அவரும் வைத்தியரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டியது அது. என் சொந்தச் சாய்வைக் கேட்டால், 63 வயதில், நான்கு சென்ரிமீற்றர் நீளத்தில், இரண்டு தடவை துண்டெடுத்து இரண்டு நிபுணர்கள் தாழ்தரம் என்று ஒப்புக்கொண்டால், நான் சுடுவதையே தேர்வேன். குழாய் சுருங்கும் வாய்ப்பு அந்த ஐரோப்பிய ஆய்வில் 11.8 வீதம் என்பதை அறிந்தே தேர்வேன். காக்காவுக்கு நடந்ததைப் போல அது பலூனால் விரித்துச் சரிசெய்யக்கூடியது. டிஸ்பிளேசியாவே இல்லை என்று வந்தால் சுட வேண்டியதில்லை. மாத்திரையோடு, இந்த நீளத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்துவந்தால் போதும். அந்த நிலையில் புற்றுநோய்க்கு மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு அரைப் பங்கையும் எட்டுவதில்லை.


அக்கரைப்பற்றுக் காக்கா (பதில்)

டொக்டர் சொன்னதை ஏற்கிறேன். என் வருத்தத்தின் அளவுகோலால் உங்கள் அப்பாவுடையதை அளந்துவிட்டேன், தங்கச்சி. ஆனாலும் ‘வெட்டு முடிந்த பிறகு’ என்பது ‘சிறுபோகம் முடிந்த பிறகு’ என்று நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வேளாண்மைக்காரர்களை நானும் அறிவேன்.


வட்டைக்காரர் மகள் (ஐந்து கிழமைகளுக்குப் பின் எழுதியது)

நடந்ததை அறியத் தருகிறேன். மெழுகுக் கட்டியைக் கேட்டபோது ஆய்வுகூடத்தில் மறுக்கவில்லை. கோரிக்கைக் கடிதம் ஒன்றையும் அப்பாவின் கையொப்பத்தையும் மட்டும் கேட்டார்கள். இரண்டாவது நிபுணரின் வாசிப்பு கடந்த வாரம் வந்தது. ‘அழற்சி அதிகமாக இருப்பதால் டிஸ்பிளேசியா உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகக் கூற இயலாது, அமிலத்தை நன்கு அடக்கிய பின் மீண்டும் துண்டுகள் எடுக்கவும்’ என்று எழுதியிருக்கிறார். குடல்நோய் நிபுணர் ஏப்ரலில் நாள் குறித்திருக்கிறார். முறைப்படி எத்தனை துண்டுகள் எடுப்பார் என்று நான் கேட்டபோது, நிமிர்ந்து பார்த்து, இதை எங்கே படித்தீர்கள் என்று சிரித்துவிட்டு, பதினாறு என்றார். சுடுவதா இல்லையா என்பதை அந்த முடிவைக் கண்ட பின் பேசலாம் என்றும் சொன்னார். அண்ணா ஈட்டுப் பேச்சை நிறுத்தியிருக்கிறார்.

வட்டையில் வெட்டு தொடங்கிவிட்டது. மாத்திரை அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் நானே தொலைபேசியில் நினைவூட்டுகிறேன். வெற்றிலை நாளுக்கு இரண்டாகக் குறைந்திருப்பதாகச் சொல்கிறார். வாடியில் உடன் இருப்பவர் நான்கு என்கிறார். அப்பா உங்களிடம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: மாத்திரை போட்ட பின் அரை மணித்தியாலம் சாப்பிடக் கூடாது என்றீர்களே, அதற்குள் ஒரு வெறுந்தேநீர் குடிக்கலாமா?


கல்முனை அம்மா (பதில்)

தண்ணீர் குடிக்கட்டும், மகள். தேநீரை அந்த அரை மணித்தியாலம் கழிந்த பிறகு, ஆறவைத்துக் கொடுங்கள்.